இரண்டு முத்தையாக்களும் ஒரு கண்ணாடித் துண்டும்

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் வானம் மப்பு. மத்தியானத்துக்கு மேல் மழை. குடையில் ஒரு கம்பி போய்விட்டது.

இப்போது நடப்பதெல்லாம் நான் முன்பே சொன்னதுதான். சித்திரையிலேயே சொன்னேன், முத்தையா மச்சானின் இருமல் சளி இருமல் அல்ல, குழாய் இருமல் என்று. யாரும் காதில் போடவில்லை. டொக்டர்மாருக்கு எக்ஸ்ரே, இரத்தம், ஸ்கோப் என்று அரை வருடம் போனது. எனக்கு மூன்று இருமல் போதுமாக இருந்தது.

எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? மருத்துவப் பிள்ளைகள் படிக்கிற லெப்பில் பத்தொன்பது வருடம். பதவி உதவியாளர். (ஸ்லைட் கழுவுவது, தரை துடைப்பது, ஸ்டூல் அடுக்குவது.) ஒரு பேராசிரியர் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபடியே “இது என்ன?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார். ஒரு தடவை. இரண்டு தடவை என்றும் சொல்லலாம். கட்டுகஸ்தோட்டையில் இன்றைக்கும் எனக்குப் பெயர் லெப் மாமா.

போன வாரம் மு.ம.வுக்கு ஸ்கோப். (முத்தையா மச்சான் என்று ஒவ்வொரு முறையும் எழுதக் கை வலிக்கிறது.) மூக்கு வழியாகக் குழாயை விட்டு, எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்த இடத்தில், சம்பா அரிசி அளவு ஒரு துண்டு கிள்ளி எடுத்தார்கள். இரத்தம் நிற்கவில்லை. இரண்டு நாள் ஒட்சிசன். அவர் மனைவி, என் தங்கச்சி சரசு, வார்ட் வாசலில் நின்றபடியே இருந்தாள், கால் வீங்கிப் போனது. துண்டை லெப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். புற்றுநோயா இல்லையா என்பது வெள்ளிக்கிழமை தெரியும்.

அன்றைக்கும் ஆஸ்பத்திரியில் பேசியது நான்தான். நம் குடும்பத்தில் எந்த ஒபிசுக்குப் போனாலும் பேசுவது நான். எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. மு.ம. வாயே திறக்க மாட்டார். படிவம் நிரப்பிய யாழ்ப்பாணத்துத் தம்பி டொக்டர் தமிழிலேயே கேட்டார்:

“ஐயா, இவர் புகைக்கிறவரோ?”

“ஐயோ டொக்டர், பீடியக் கண்டாலே தும்முவாருங்க.”

“ஒருநாளும் இல்லையோ?”

“பொறந்ததுல இருந்து இல்லீங்க.”

சரசு பக்கத்தில். மு.ம. கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று அவர்கள் வீட்டில் போய் எல்லோருக்கும் விளக்கம் கொடுத்தேன். துவைத்துக் காயப்போட்ட தேங்காய்ப்பூத் துவாயை எடுத்து விரித்தேன். “இதுதான் மூச்சுக்குழாயோட உள்பக்கம். இந்தப் பூ மாதிரி நிக்குதே, அது பிசிர். பிசிரு பூரா ஒரே பக்கமாத்தான் ஆடும். கீழ இருந்து மேல. தூசி, சளி எல்லாத்தயும் தொண்டைக்குத் தள்ளி விட்டுறும். இருபத்திநாலு மணித்தியாலமும் ட்யூட்டி. பௌர்ணமிப் போயா லீவு கூட கெடையாது.”

சரசுவின் மகள், என் மருமகள் தர்ஷினி, ஹுன்னஸ்கிரியவில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அவளுக்குத் திருத்தாவிட்டால் சோறு இறங்காது.

“மாமா, சும்மா பிசிர் மட்டும் ஆடி என்னா செய்ய? நடுவுல கிண்ணக்கலம் இருக்கணும். அதுதான் சீதத்த கக்கும். தூசி அதுல ஒட்டினாத்தான் பிசிரு தள்ளும்.”

“அதத்தான் சொல்ல வந்தேன்.”

“சொல்லலயே.”

மு.ம. சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ஐந்து நிமிடம். சரசு அந்தத் துவாயையே அவர் வாயில் வைத்தாள்.

வாங்க வேண்டியவை: குடைக் கம்பி, குளுக்கோஸ், பற்றரி 2, ஏலக்காய் (சரசு சொன்னது, மு.ம.வுக்கு).


ஒக்டோபர் 17, வெள்ளி

வெயில். பேராதனை ரோட்டில் ஒரு மணித்தியாலம் பஸ் நகரவில்லை. கிளினிக் நம்பர் 61.

ரிப்போர்ட் வந்தது. வந்தும் வரவில்லை.

தம்பி டொக்டர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். நான், சரசு, தர்ஷினி, மு.ம. அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் நான் கூட்டிச் சொன்னேன் என்று சொல்லக் கூடாது.

“லெப்பில ஒரு குழப்பம், ஐயா. இந்தத் துண்டில பிசிரே இல்லை. உயரமா நிக்கவேண்டிய கலங்கள் தட்டையா மாறி, அடுக்கடுக்காப் படுத்துக் கிடக்கு. கிண்ணக்கலங்கள் பெருத்துப் போச்சுது. கரி தின்ற கலங்களும் இருக்கு. கனகாலமாப் புகைச்ச ஒரு ஆளின்ர குழாய் மாதிரித்தான் இருக்கு. ஆனா படிவத்தில ஒருநாளும் புகைக்காதவர் எண்டு கிடக்கு. அதோட, அண்டைக்கு முத்தையா எண்ட பேரில ரெண்டு பேருக்கு ஸ்கோப் செய்திருக்கினம்.”

அவர் முடிக்கவே விடவில்லை நான்.

“அப்பவே நெனச்சேன் டொக்டர்! போத்தல் மாறிருச்சு!”

“மாறியிருக்கலாமோ எண்டுதான் லெப்பிலயும் யோசிக்கினம்.”

வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். லெப்பில் இருந்தவனுக்குத்தானே இதெல்லாம் தெரியும், ஒரு லேபல் நனைந்தால் போதும், ஒரு ஆளின் நெஞ்சு இன்னொரு ஆளின் நெஞ்சாகிவிடும் என்றேன். ஒரு அம்மா தன் கணவரின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டி இதுவும் மாறியிருக்குமா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

பிறகுதான் டொக்டர் மெதுவாகச் சொன்னார்.

“ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. இந்தத் துண்டில புற்றுநோய் இல்லை.”

சரசு கையெடுத்துக் கும்பிட்டாள்.

“இது இவரின்ரதான் எண்டால் நல்ல செய்தி. மாறியிருந்தால், மற்றத் துண்டுதான் இவரின்ர. அதைப் பற்றி நான் உங்களோட கதைக்கக் கூடாது. ஆனா அது நல்லா இல்லை எண்டு மட்டும் விளங்கிக்கொள்ளுங்கோ.”

தர்ஷினிக்கு உடனே விளங்கியது. முகம் வெளுத்துவிட்டது. சரசுவுக்கு அவள்தான் சொன்னாள். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

“மற்றத் துண்டப் பாத்து, புகைச்ச ஆளா இல்லையான்னு சொல்ல ஏலாதா டொக்டர்?” என்று தர்ஷினி கேட்டாள்.

“அதில மேலணியே, அந்தப் பிசிர் நிக்கிற மேல்தோலே, மிஞ்சேல்லை, தங்கச்சி.”

ஆகவே வியாழக்கிழமை திரும்பவும் ஸ்கோப். திரும்பவும் கிள்ள வேண்டும். போன தடவை இரத்தம் போனதால் இந்தத் தடவை பெரிய டொக்டரே செய்வாராம். புதன்கிழமை வார்ட்டில் சேர வேண்டும்.

 


ஒக்டோபர் 18, சனி

மழை. வெளியே போகவில்லை. இந்தக் கொப்பியை அலுமாரியில் சாரங்களுக்குக் கீழே வைக்கிறேன், எவரும் எடுக்க மாட்டார்கள். ஆகவே எழுதலாம்.

மு.ம. பீடி குடிக்கிறவர். பதினேழு வயதிலிருந்து. தேயிலை பெக்டரியில் இருந்த காலத்தில் விறகு அடுக்குக்குப் பின்னால். இப்போது கட்டுகஸ்தோட்டையில் இரும்புக் கடை வாச்சர், அங்கே கடையின் பின்கதவில். குடித்துவிட்டு ஏலக்காய் மெல்லுவார். கட்டுக் கட்டாக நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் அப்பா பீடியால் போனவர். கடைசி மாதம் படுக்கவே முடியாது, உட்கார்ந்தபடி மூச்சை இழுப்பார். அந்தச் சத்தம் லயத்தில் நாலு வீட்டுக்குக் கேட்கும். சரசு அப்போதே சொல்லிவிட்டாள், பீடி குடிக்கிறவனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று. மூன்று பேரைத் தட்டிக் கழித்தாள். நாலாவதாக முத்தையாவைக் கொண்டுவந்தது நான். என் சிநேகிதன். நல்ல மனிதன். சபையில் எழுந்து நின்று, மாப்பிள்ளை பீடி தொட மாட்டார், அதற்கு நான் ஜவாப்தாரி என்றேன். பிறகு விட்டுவிடுவான் என்று நினைத்தேன். இருபத்தாறு வருடம் ஆகிறது.

அன்றைக்குப் படிவத்தில் சொன்னதும் அதே வாக்குத்தான். சரசு பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன வரும் வாயில்?

லெப்பில் அப்படிப்பட்ட ஸ்லைட் எத்தனை கழுவியிருக்கிறேன். நல்ல குழாய் பார்க்க அழகு. ரோஸ் நிறம், ஓரத்தில் ஊதா மணிகள் வரிசையாக, அதற்கு மேல் மயிர் மாதிரி மெல்லிய பிசிர். இன்னும் கீழே கசியிழையம், அதாவது குருத்தெலும்பு, நீலம் கலந்த கண்ணாடி மாதிரி. புகைத்தவனுடையது முற்றத்துப் புல்லைப் பிடுங்கிவிட்டு சீமெந்து போட்ட மாதிரி. புகை சுடச் சுட, மெல்லிசான கலம் தாக்குப் பிடிக்காமல், தோல் மாதிரித் தட்டையாகி அடுக்காகிவிடும். பிறகு சளியைத் தள்ள ஆள் இல்லை. இருமித்தான் தள்ள வேண்டும்.

ஆக, போத்தல் மாறவில்லை. அந்தத் துண்டு மு.ம.வினுடையதுதான். அவருக்குப் புற்றுநோய் இல்லை. இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், ஒருவர் நான். டொக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் வியாழக்கிழமை ஸ்கோப் வேண்டாம்.

ஒரு வார்த்தைதான்.


ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய் வைத்து முழுகினேன். நெஞ்சில் குளிர்.

சரசு வீட்டில் சாப்பாடு. பட்டாசு இல்லை, பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிட்டாள். சாம்பிராணி கூட இல்லை. வியாழக்கிழமை வரைக்கும் மச்சம் மாமிசம் தொடுவதில்லையாம், பால் சோறு மட்டும் தின்றாள். எங்களுக்கு ஆட்டிறைச்சி ஆக்கியிருந்தாள். இறங்கவில்லை.

சாப்பிட்ட பிறகு மு.ம.வும் நானும் கிணற்றடியில். ரிப்போர்ட்டில் என்ன சிக்கல் என்று அவருக்கு எவ்வளவு விளங்கியதோ என்று பார்த்தேன். எல்லாம் விளங்கியிருக்கிறது.

“மச்சான், அது என் துண்டுதானே?”

“ம்.”

“அப்ப எனக்கு அந்த நோய் இல்ல.”

“இல்ல.”

“ஆனா அதச் சொன்னா சரசுகிட்ட ஒங்க மொகம் போயிரும்.”

“ஒங்க மொகம் போகாதா?”

“என் மொகம் கெடக்கட்டும். பொண்ணு கேட்டு சபையில நின்னது நானா?”

“புதன்கெழம நான் டொக்டர்கிட்ட தனியா பேசிறேன், மச்சான். நீங்க வாயத் தொறக்காதீங்க. பேசுற விதம்னு ஒன்னு இருக்கு.”

“என்னைக்குத் தொறந்தேன்?” என்றார். சிரிக்கவில்லை. இருமல் பயம்.

ஸ்கோப் முடிந்ததிலிருந்து பீடி தொடவில்லையாம். பதின்மூன்று நாள்.  ஏலக்காய் மட்டும் மெல்லுகிறார், பழக்கத்தில்.


ஒக்டோபர் 22, புதன்

விடியற்காலை பனி. 3 மணிக்கு வார்ட்டில் சேர்த்தோம். கட்டில் ஜன்னல் பக்கம், நல்லது. கொண்டுபோனவை: சாரம் 2, துவாய் (அதே தேங்காய்ப்பூ), கோப்பை, சீப்பு.

அடுத்த வரிசையில் மற்ற முத்தையா. கலகெதர ஊர் ஆள். எலும்பும் தோலும். அவருக்கும் நாளைக்குத் திரும்ப ஸ்கோப். அவர் மனைவி வராந்தா வாங்கில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் கூடையில் இடியப்பம்.

“அண்ணே, நீங்கதானே அன்னைக்கு போத்தல் மாறிருச்சுன்னு சொன்னீங்க?”

“ஆமா.”

“நீங்க லெப்புல இருந்தவராமே.”

“பத்தொன்பது வருஷம்.”

“மாறியிருந்தா எங்க ஆளுக்கு நல்லதுதானேண்ணே?”

குனிந்து செருப்பு வாரைச் சரிபண்ணினேன். 

“கதிர்காமத்துக்கு வேண்டியிருக்கேன்” என்றாள். “நீங்க அன்னைக்கு சத்தமா சொன்னதுலதான் எனக்கு உசுரு வந்திச்சு. வீட்டுக்குப் போயி புள்ளைங்ககிட்ட சொன்னேன். நாலு நாளா எல்லாம் ஒழுங்கா சாப்புடுதுங்க. மாறியிருக்கும்தானே?”

“இருக்கும் தங்கச்சி” என்றேன்.

தம்பி டொக்டர் மூன்று தடவை அந்தப் பக்கம் போனார். முதல் தடவை கையில் ட்ரிப் போத்தல், பேச நேரமில்லை. இரண்டாம் தடவை சரசு பக்கத்தில். மூன்றாம் தடவை அவரே நின்று, “ஐயா, ஏதும் சொல்லவேணுமோ?” என்று கேட்டார்.

“ஜன்னல் கட்டில் தந்ததுக்கு நன்றிங்க டொக்டர்” என்றேன்.


ஒக்டோபர் 23, வியாழன்

முடிந்தது. எழுதுகிறேன்.

காலை 7.30. மு.ம. பச்சைச் சட்டை போட்டுத் தள்ளுவண்டியில். சரசு அவர் காலைப் பிடித்துக்கொண்டு, தர்ஷினி அவளைப் பிடித்துக்கொண்டு. தம்பி டொக்டர், பெரிய டொக்டர், நேர்ஸ் மிஸ்மார் நாலு பேர். வண்டி நகரும்போது நான் முன்னால் போய் நின்றேன். கையை விரித்து நின்றேன்.

“நிப்பாட்டுங்க!” என்றேன். வார்ட் முழுக்க அடங்கிவிட்டது. சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னேன். “இந்த மனுசன் பீடி குடிக்கிறவர். அந்த ஸ்லைட் இவரோடதுதான். பொய் சொன்னது நான். தண்டனை எனக்குக் குடுங்க, மச்சானுக்குக் குடுக்காதீங்க.” பெரிய டொக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். பிறகு தோளில் கை வைத்து, லெப்பில் இருந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது என்றார். லெப்புக்குப் போன் போட்டார்கள். பழைய லேபல், கொப்பி எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்த்து, மாறவில்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். ஸ்கோப் ரத்து.

தம்பி டொக்டர் விளக்கினார். புற்றுநோய் இல்லை. நிழல் பழைய கிருமித் தழும்பாக இருக்கலாம், மூன்று மாதத்தில் திரும்பப் படம் எடுக்க வேண்டும். “ஆனா இவர் அந்த ரோட்டிலதான் நிக்கிறார். இனி ஒண்டு கூடப் புகைக்கக் கூடாது. விட்டால் அந்தப் பிசிர் மெல்ல மெல்லத் திரும்பி முளைக்கும்.”

முளைக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்.

கலகெதர அம்மாவிடமும் நானே போய், கையைப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிட்டாள்.

சரசு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.


ஒக்டோபர் 24, வெள்ளி

வெயில். மு.ம. நேற்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். குடை திருத்தியாயிற்று.

நேற்று எழுதியதில் ஒன்று சரியில்லை. ஒன்று என்றால், முக்கியமான ஒன்று. வண்டிக்கு முன்னால் நான் நிற்கவில்லை. அந்த நேரம் நான் வார்ட்டிலேயே இல்லை. பிளேன்டீ வாங்கக் கென்டீனுக்குப் போயிருந்தேன். வரிசை இல்லை. இருந்தும் அங்கேயே நின்றேன், டீ ஆறும் வரைக்கும்.

திரும்பி வந்தபோது வண்டி அதே இடத்தில், மு.ம. எழுந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததைத் தர்ஷினிதான் சொன்னாள். வண்டி நகரும்போது அப்பா தம்பி டொக்டரின் கையைப் பிடித்தாராம். “டொக்டர் தம்பி, நான் பீடி குடிக்கிறவன். பதினேழு வயசுல இருந்து. அது என் துண்டுதான், மாறல. வீட்டுல யாருக்கும் தெரியாது. எங்க மச்சானுக்கும் தெரியாது. அவரு பாவம், தெரியாமத்தான் அன்னைக்கு இல்லன்னு சொன்னாரு.”

எங்க மச்சானுக்கும் தெரியாது.

கலகெதர அம்மாவிடமும் நான் போகவில்லை. தம்பி டொக்டர் அவளை அறைக்குள் கூப்பிட்டுப் போனபோது நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வந்தவள் கூடையை எடுக்க மறந்து நடந்தாள். ஒரு நேர்ஸ் மிஸ் ஓடிப்போய்க் கொடுத்தாள்.

சரசு பேசாமல் இருந்தாள் என்று எழுதியதும் பொய். வீட்டுக்கு வந்ததும் ஏலக்காய் டின்னை எடுத்து மேல் தட்டில் வைத்தாள். “இனி இது பாயாசத்துக்கு மட்டுந்தான்” என்று மு.ம.விடம் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு இலை போட்டாள்.

“ஒன்னயும் சேத்து ஏமாத்திட்டாரே அண்ணே” என்றாள். “எனக்காக சபையில நின்னவன் நீ. ஒனக்குக் கூட தெரியாம இருபத்தாறு வருஷம்.”

பெரிய துண்டு மீனை என் இலையில் வைத்தாள். சாப்பிட்டேன்.